ரப்பர் கட்டையா, ரொட்டி டப்பாவா? – எண்பதுகளின் பொட்டிச் சண்டை

போன மாசம் ஒரு ராத்திரி கால். பில்ட் ஓடிக்கிட்டு இருக்கு, முடிய இருபது நிமிஷம் ஆகும். அந்தப் பக்கம் இங்கிலாந்துல ரெண்டு பெரிய தலைங்க, ரெண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிருக்கும். சும்மா இருந்த நேரத்துல ஒருத்தர், "என்னோட ஸ்பெக்ட்ரம் இதைவிட வேகமா லோட் ஆகும்"னு சொல்ல, இன்னொருத்தர் "உன் பொம்மைப் பொட்டியில கலர் ஒழுங்கா வராதே"ன்னு கிளம்பிட்டார். அவ்வளவுதான். பதினஞ்சு நிமிஷம் நடந்தது பாருங்க ஒரு சண்டை! கோடிக்கணக்குல பட்ஜெட் பாக்குற மனுஷங்க, பள்ளிக்கூடப் பசங்க மாதிரி, நாப்பது வருஷம் முன்னாடி வித்த கம்ப்யூட்டருக்காக அடிச்சுக்கிறாங்க. நான் மைக்கை ம்யூட்ல போட்டுட்டு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

நம்ம ஊர்ல இதுக்கு ஈடா ஒண்ணு சொல்லணும்னா எண்பதுகளின் ரஜினி – கமல் சண்டைதான். அதே பத்தாண்டு, அதே வயசுப் பசங்க, அதே வெறி. ஒரே வித்தியாசம், நம்ம பசங்க ரெண்டு பேர் படத்தையும் பாத்துட்டு சண்டை போட்டாங்க. அவங்க கிட்ட ஒரு பொட்டிதான் இருந்துச்சு. அப்பா எதை வாங்கித் தந்தாரோ அதுதான் கட்சி.

நான் பொறந்ததே இந்தக் கதையெல்லாம் முடிஞ்சப்புறம். அதனால இது என்னோட மலரும் நினைவுகள் இல்லை, கடன் வாங்கின நினைவுகள். அன்னைக்கு ராத்திரியில இருந்து ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதைப் படிக்கிறதும், எமுலேட்டர்ல அந்த கேம்களை ஆடுறதுமாத்தான் போகுது. பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

விலைதான் வில்லன், விலைதான் ஹீரோ

எழுபதுகளின் கடைசியில வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்னா அது பணக்காரன் பொழுதுபோக்கு. அமெரிக்காவுல ஆப்பிள் 2 வந்துடுச்சு, ஆனா அதை வாங்க ஒரு சாதாரண இங்கிலீஷ் குடும்பத்தால முடியாது. அங்கதான் க்ளைவ் சின்க்ளேர் வர்றார். பாக்கெட் கால்குலேட்டர், குட்டி டிவி, கறுப்பு நிற டிஜிட்டல் வாட்ச்னு எதையெடுத்தாலும் சின்னதா, மலிவா செஞ்சே ஆகணும்னு அடம்பிடிச்ச ஆள். அந்த வாட்ச் சரியா ஓடாது, அது வேற கதை. 1980ல இசட்எக்ஸ்80னு ஒரு பொட்டி விட்டார். நீங்களே சால்டர் பண்ணிக்கிட்டா 79.95 பவுண்டு, முழுசா செஞ்சது 99.95. நூறு பவுண்டுக்குள்ள ஒரு முழு கம்ப்யூட்டர்!

எப்படி முடிஞ்சுதுன்னா, இல்லாததையெல்லாம் ப்ராசஸர் தலையில கட்டினார். திரையில படம் காட்டத் தனியா சிப் கிடையாது, ப்ராசஸரே காட்டணும். அதனால ஒரு எழுத்தைத் தட்டினா திரை ஒரு தடவை கண் சிமிட்டும். ஏன்னா அந்த நேரத்துல ப்ராசஸர் உங்க தட்டலைக் கவனிக்கப் போயிருக்கும்! அடுத்த வருஷம் வந்த இசட்எக்ஸ்81 இன்னும் மோசமான கஞ்சத்தனம்: மொத்தமே நாலு சிப்பு, 1 கேபி ரேம், கிட் விலை 49.95 பவுண்டு. 16 கேபி வேணும்னா பின்னாடி ஒரு டப்பாவைச் சொருகணும். அது ஆடும். மேஜையை லேசா இடிச்சாலும் ரெண்டு மணி நேரம் டைப் பண்ண ப்ரோக்ராம் போயே போச்சு. பசங்க அதை டேப் போட்டு ஒட்டி, கம் வச்சு முட்டுக்கொடுத்து ஓட்டியிருக்காங்க.

இந்தப் பொட்டியை எங்க வித்தாங்க தெரியுமா? டபிள்யூ.எச். ஸ்மித்துல. அது புஸ்தகமும் பேனாவும் விக்கிற கடை. சனிக்கிழமை ஆனா பசங்க கடைக்குள்ள புகுந்து, காட்சிக்கு வச்சிருக்கிற மெஷின்ல ரெண்டே ரெண்டு வரி பேசிக் ப்ரோக்ராம் அடிச்சுட்டு ஓடிருவாங்க. பத்தாவது வரி தன் பேரை ப்ரிண்ட் பண்ணு, இருபதாவது வரி திரும்ப பத்துக்குப் போ. கடைக்காரர் வந்து பாக்கும்போது திரை முழுக்க யாரோ ஒரு பையன் பேரு ஓடிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு ஐம்பது வயசுல இருக்கிற பல இங்கிலீஷ் ப்ரோக்ராமர்களோட முதல் 'டிப்ளாய்மென்ட்' இதுதான்.

ஒரு வாரத்துல ஒரு கம்ப்யூட்டர்

நடுவுல பிபிசிக்கு ஒரு கவலை. 1978ல அவங்க ஒளிபரப்பின ஒரு ஆவணப்படம், மைக்ரோசிப் வந்து எல்லார் வேலையையும் தின்னப்போகுதுன்னு நாட்டையே கலக்கிடுச்சு. (இப்ப ஏஐ பத்தி டீக்கடையில பேசுறோமே, கிட்டத்தட்ட அதே பீதி.) சரி, ஜனங்களுக்கு கம்ப்யூட்டர் கத்துக்கொடுப்போம்னு டிவி தொடர் ஒண்ணு திட்டம் போட்டாங்க. கூடவே பிபிசி முத்திரையோட ஒரு மெஷினும் வேணும். கேம்ப்ரிட்ஜ்ல ஏகார்ன்னு ஒரு சின்ன கம்பெனி. அதை நடத்தினவங்க ஹெர்மன் ஹவுசர், க்றிஸ் கர்ரி. இந்த கர்ரி யாருன்னா, வருஷக்கணக்கா சின்க்ளேர்கிட்ட வேலை பார்த்துட்டு பிரிஞ்சு வந்தவர். குரு – சிஷ்யன் பகை. மசாலா சேர்ந்தாச்சா?

பிபிசிக்காரங்க வெள்ளிக்கிழமை வந்து பாக்குறதா சொல்லிட்டாங்க. ஓடுற மெஷின் ஒண்ணு காட்டணும், ஆனா கையில இருக்கிறது வெறும் டிசைன் யோசனை. ஹவுசர் ஒரு வேலை பண்ணார். ஸ்டீவ் ஃபர்பர்கிட்ட போன் போட்டு, "சோஃபி ஒரு வாரத்துல முடியும்னு சொல்லிட்டாங்க"ன்னார். சோஃபி வில்சன்கிட்ட, "ஸ்டீவ் முடியும்னு சொல்லிட்டார்"னார். நம்ம ப்ராஜக்ட் மேனேஜர்களுக்கெல்லாம் பாட்டனார் இந்த ஆள்! ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க. திங்கள்ல இருந்து ராப்பகலா உக்காந்து கம்பி சுத்தி, வெள்ளி விடியக்காலை வரைக்கும் அது உயிர் பிடிக்கலை. அப்ப ஹவுசர், டெவலப்மென்ட் சிஸ்டத்துக்குப் போற ஒரு இணைப்பை வெட்டிப் பாருங்கன்னார். வெட்டினாங்க, ஓடிடுச்சு.

பிபிசி மைக்ரோ 1981 டிசம்பர்ல வந்தது. நல்ல திடமான கீபோர்ட், அருமையான பேசிக், எதை வேணாலும் சொருகிக்கிற மாதிரி பின்பக்கம் முழுக்க சாக்கெட்டு. ஆனா விலை! பி மாடல் 335 பவுண்டுன்னு அறிவிச்சு, சீக்கிரமே 399 ஆயிடுச்சு. 12,000 வித்தாலே பெருசுன்னு நினைச்ச பொட்டி, கடைசியில 15 லட்சம் வித்தது. பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்கு. அதனாலயே பசங்க மத்தியில அதுக்கு 'வாத்தியார் பொட்டி'ங்கற இமேஜ்.

நமக்கும் இதுக்கும் ஒரு நூல் இருக்கு. 1984-85ல இந்திய அரசு ஆரம்பிச்ச 'க்ளாஸ்' திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்கு வந்து இறங்கினது இந்த பிபிசி மைக்ரோதான். ஏசி ரூம்ல, செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போன தலைமுறைன்னு உங்க சித்தப்பா யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க.

6,912 பைட்டுக்குள் ஒரு உலகம்

பிபிசி ஆர்டர் தன்னோட பழைய ஆள்கிட்ட போனதுல சின்க்ளேருக்கு செம கடுப்பு. பதிலா 1982 ஏப்ரல் 23 அன்னைக்கு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் அறிமுகம். 16 கேபி மாடல் 125 பவுண்டு, 48 கேபி மாடல் 175. பிபிசி பொட்டியில பாதி விலைகூட இல்லை. கறுப்பு உடம்பு, மூலையில வானவில் பட்டை, ரப்பர் சாவிகள். தொட்டா ஏதோ செத்த மீனைத் தொடுற மாதிரி இருக்கும்னு கிண்டல் பண்ணுவாங்க. அந்த ரப்பர் கூட சிக்கனம்தான், ஒவ்வொரு சாவிக்கும் தனி ஸ்ப்ரிங் எதுக்கு, ஒரே ரப்பர் விரிப்பா போட்டுடுவோம்னு.

இப்ப அந்த 'கலர் வராத' விஷயத்துக்கு வரேன். இதுலதான் எனக்கு இந்தப் பொட்டி மேல மரியாதை வந்தது.

ஸ்பெக்ட்ரம் திரை 256க்கு 192 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிட், எரியுதா இல்லையா, அவ்வளவுதான்னா 6,144 பைட். ஒவ்வொரு புள்ளிக்கும் பதினாறு கலர்ல ஒண்ணுன்னு வச்சா நாலு மடங்கு, 24 கேபி. 16 கேபி மாடல்ல அது வாய்ப்பே இல்லை. அதனால என்ன செஞ்சாங்க? திரையை எட்டுக்கு எட்டு கட்டங்களா வெட்டி, ஒரு கட்டத்துக்கு ரெண்டு கலர்தான்னு விதி வச்சாங்க. மொத்தம் 768 கட்டம், 768 பைட். ரெண்டையும் கூட்டினா 6,912. முழு வண்ணப்படம், ஏழு கேபிக்குள்ள!

ஆனா அதுக்கு ஒரு விலை. பச்சை மரத்துக்கு முன்னாடி மஞ்சள் சட்டைக்காரன் நடந்து போனா, அவன் நுழையுற கட்டத்துல மரமும் மஞ்சளாயிடும். இல்லைன்னா அவன் பச்சையாயிடுவான். ஒரே வீட்டுல மூணாவது ஆளுக்கு இடம் கிடையாது. இதுக்குப் பேருதான் 'அட்ரிப்யூட் க்ளாஷ்'. கமடோர் பசங்களுக்கு அல்வா மாதிரி கிடைச்ச ஆயுதம்.

ஒலி அதைவிட பரிதாபம். ஒரு பிட் ஸ்பீக்கர். ப்ராசஸரே அதை ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு தட்டிக்கிட்டே இருக்கணும். பாட்டு பாடும்போது கேம் நிக்கும், கேம் ஓடும்போது பாட்டு நிக்கும்.

தட்டச்சு மெஷின் ரிப்பேர்காரர்

கடலுக்கு அந்தப் பக்கம் ஜாக் ட்ராமியல். போலந்துல பொறந்த யூதர், ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல இருந்து உயிரோட தப்பினவர். அமெரிக்கா வந்து ராணுவத்துல சேர்ந்து, டைப்ரைட்டர் ரிப்பேர் பாத்து, அதுல இருந்து கமடோர் கம்பெனி. எழுபதுகள்ல கால்குலேட்டர் வித்துக்கிட்டு இருந்தார். அப்ப கமடோருக்கு சிப் சப்ளை பண்ணிக்கிட்டு இருந்த டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே கால்குலேட்டர் விக்க இறங்கி, விலையைக் குறைச்சு இவரை நசுக்கிடுச்சு. மனுஷன் அதுல ஒரு பாடம் கத்துக்கிட்டார்: சிப்பை அடுத்தவன்கிட்ட வாங்காதே. 1976ல எம்ஓஎஸ் டெக்னாலஜிங்கற சிப் கம்பெனியையே வாங்கிப் போட்டார்.

அந்தத் தொழிற்சாலையில பொறந்ததுதான் கமடோர் 64. 1982 ஜனவரியில காட்டினாங்க, ஆகஸ்ட்ல கடைக்கு வந்தது, 595 டாலர். பழுப்பு நிறம், குண்டு உடம்பு, அதனால 'ரொட்டி டப்பா'னு பட்டப்பேர். உள்ள ரெண்டு பொக்கிஷம். ஒண்ணு விக்-2, பின்னணியைத் தொடாம தானே நகர்ற எட்டு ஸ்ப்ரைட்டு. அதாவது நம்ம மஞ்சள் சட்டைக்காரன் மரத்தைக் கெடுக்காம ஜம்முனு நடந்து போவான். இன்னொண்ணு சிட், ஒலிக்குன்னே ஒரு சிப். அதை வடிவமைச்ச பாப் யான்னஸ் இசை தெரிஞ்ச ஆள். மத்த கம்ப்யூட்டர்கள்ல இருக்கிற ஒலி சிப்பெல்லாம் இசையே தெரியாதவங்க செஞ்சதுங்கறது அவர் கட்சி. அதனால மூணே குரல்தான்னாலும் ஒரு குட்டி சிந்தசைஸரையே உள்ள வச்சுட்டார்.

சொந்த சிப்புங்கறதால விலையை எவ்வளவு வேணாலும் இறக்க முடிஞ்சது. 1983ல 200 டாலருக்கு வந்துடுச்சு. பழைய கணக்கு தீர்ந்தது: டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்த வருஷ அக்டோபர்ல வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே விட்டு ஓடிடுச்சு. ஆனா ட்ராமியலும் 1984 ஜனவரியில தன் கம்பெனியை விட்டு வெளிய வந்து, அதே வருஷம் ஜூலையில எதிரியான அடாரியோட கம்ப்யூட்டர் பிரிவை வாங்கினார். இந்த மனுஷன் கதையை மட்டும் தனிப் பதிவா போடலாம்.

குறைதான் கேமோட முகம்

எது நல்ல பொட்டின்னு ஸ்பெக் ஷீட் வச்சுப் பாத்தா ரொட்டி டப்பாதான் ஜெயிக்கணும். ஆனா நான் ஆடிப் பாத்ததுல மனசுல நின்னதெல்லாம், எது இல்லையோ அதை வச்சு ஆட்டம் காட்டின கேம்கள்தான்.

1983ல மானிக் மைனர். எழுதினது மாத்யூ ஸ்மித், அப்ப பதின்ம வயசுப் பையன். இருபது குகை, குட்டி சுரங்கத் தொழிலாளி வில்லி, சாவிகளைப் பொறுக்கிக்கிட்டு வெளிய போகணும். கேம் ஓடும்போது ஸ்பெக்ட்ரம்ல பாட்டு வராதுன்னு சொன்னேன்ல, இந்தப் பையன் வர வச்சான். ஆட்டத்துக்கு நடுநடுவே கிடைக்கிற சின்ன இடுக்குல ஸ்பீக்கரைத் தட்டித் தட்டி, கரகரன்னு ஒரு க்ரீக் மெட்டு. கேட்க கொசு பாடுற மாதிரி இருக்கும். ஆனா இருக்கு! செத்தா மேல இருந்து ஒரு பூட்ஸ் கால் இறங்கி வில்லியை நசுக்கும். அடுத்த வருஷம் ஜெட் செட் வில்லி. அதுல ஒரு பக் இருந்தது, மேல்மாடி அறைக்குள்ள போயிட்டு வந்தா சில அறைகள் கெட்டுப்போய் கேமை முடிக்கவே முடியாது. கம்பெனி முதல்ல, அது விஷவாயுன்னு சமாளிச்சுதாம். 'பக் இல்ல சார், ஃபீச்சர்'ங்கற வசனம் எவ்வளவு பழசுன்னு பாத்துக்கோங்க. ஸ்மித் அறிவிச்ச மூணாவது கேம் வரவே இல்லை. புகழ் உச்சியில இருந்த அந்தப் பையன் தொண்ணூறுகள்ல நெதர்லாந்துல ஒரு கம்யூன்ல போய் இருந்தார்.

அப்புறம் நைட் லோர், 1984. 'அல்டிமேட்'ங்கற பேர்ல ஸ்டாம்பர் சகோதரர்கள் செஞ்சது. முப்பரிமாண அறைக்குள்ள கோணலா நின்னு பாக்குற மாதிரி ஒரு கோட்டை. கலர் க்ளாஷ் பிரச்சினைக்கு அவங்க கண்டுபிடிச்ச தீர்வு என்ன தெரியுமா? ஒரு அறைக்கு ஒரே கலர். க்ளாஷ் ஆக ரெண்டாவது கலரே இல்லையே! குறையை மூடி மறைக்காம அதையே அழகாக்கிட்டாங்க. அடுத்த சில வருஷம் ஸ்பெக்ட்ரம்ல வந்த கேம்கள்ல பாதி இதோட சாயல். இந்த கேமை முடிச்சு கையில வச்சுக்கிட்டே கொஞ்ச நாள் வெளிய விடலையாம். இதைப் பாத்தா தங்களோட முந்தின கேமை யாரும் வாங்க மாட்டாங்கன்னு பயம். இந்த அல்டிமேட்தான் பின்னாடி ரேர்ங்கற கம்பெனி ஆச்சு.

பிபிசி மைக்ரோ பக்கம் ஒரே ஒரு கேம் போதும்: எலைட். 1984 செப்டம்பர். கேம்ப்ரிட்ஜ் மாணவர்கள் ரெண்டு பேர், டேவிட் ப்ரேபன், இயன் பெல். மொத்த ரேமே 32 கேபி, அதுல திரை தின்னது போக மிச்சம். அதுக்குள்ள எட்டு விண்மீன் மண்டலம், ஒவ்வொண்ணுலயும் 256 கிரகம். ஒவ்வொரு கிரகத்துக்கும் பேரு, அரசாங்கம், பொருளாதாரம், சந்தை விலை. இதையெல்லாம் எங்க சேமிச்சாங்க? சேமிக்கவே இல்லை. ஆறே ஆறு பைட் விதை. அந்த எண்ணை ஒரு சூத்திரத்துல போட்டு உருட்ட உருட்ட கிரகம் கிரகமா விழும். அதே விதை போட்டா அதே உலகம் திரும்ப வரும். உண்மையில கோடிகோடியா மண்டலம் போட்டிருக்கலாம், ஆனா அத்தனை இருந்தா எல்லாம் சூத்திரம்னு வெளிய தெரிஞ்சுடும், எட்டு போதும்னு பதிப்பாளர் சொல்லிட்டார். அதுலயும் ஒரு மண்டலத்தைத் தூக்கி எறிய வேண்டியதாச்சு, சூத்திரம் பாட்டுக்கு ஒரு கிரகத்துக்கு இங்கிலீஷ் கெட்ட வார்த்தையைப் பேரா வச்சிருச்சு :-))

இன்னொரு தந்திரம்: மேல விண்வெளிக்குக் கூர்மையான ரெண்டு கலர் திரை, கீழ டேஷ்போர்டுக்கு நாலு கலர் திரை. பிபிசி மைக்ரோவுல ஒரு நேரத்துல ஒரு மோடுதான். அதனால டிவியோட கதிர் மேல இருந்து கீழ வரைஞ்சுக்கிட்டு வரும்போது, நடு வழியில டைமர் வச்சு மோடை மாத்திட்டாங்க. ஒரு செகண்டுக்கு ஐம்பது தடவை! இந்த கேமை முதல்ல பாத்த தோர்ன் இஎம்ஐ கம்பெனி வேண்டாம்னுடுச்சு. மூணு உயிர் இருக்கணும், பத்து நிமிஷத்துல முடியணும், ஸ்கோர் எங்கேன்னு கேட்டாங்களாம்.

கமடோர் ஆளுங்க கோவிச்சுக்காதீங்க. ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே ரெண்டு பேரும் சிட் சிப்புல போட்ட இசையை ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. மூணு குரல்ல ஒரு முழு பேண்டையே இறக்கியிருப்பாங்க. ஒரு குரலையே மாத்தி மாத்தி அதிவேகமா தட்டி, காதுக்கு அது கார்டுன்னு நம்பவச்சு ஏமாத்துற வேலை. பல பேர் கேமை ஆடாம பாட்டை மட்டும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கேசட்ல இருந்து லோட் ஆகுற நேரத்துல பொழுதுபோக கால்வே ஒரு பாட்டு போட்டார், அதுவே கேமைவிட ஹிட்டு.

கீச்... கர்ர்ர்...

லோட் ஆகுறதுன்னா என்னன்னு நம்ம தலைமுறைக்குத் தெரியாது. கேம் எல்லாம் சாதாரண ஆடியோ கேசட்டுல. டேப் ரெக்கார்டரை வயர் போட்டு மாட்டி, ப்ளேயை அழுத்தினா, ஃபேக்ஸ் மெஷின் கத்துற மாதிரி ஒரு சத்தம். ஸ்பெக்ட்ரம் திரை ஓரத்துல நீலமும் மஞ்சளுமா கோடு ஓடும். விநாடிக்கு சுமாரா 1,500 பிட். நாலஞ்சு நிமிஷம் மூச்சுப் பிடிச்சு உக்காந்திருக்கணும், கடைசி நொடியில பிழைன்னு வந்தா முதல்ல இருந்து. வெறும் சத்தம்தானேன்னு யூகோஸ்லாவியாவுல ஒரு எஃப்எம் ஆள் ரேடியோவுலயே ப்ரோக்ராமை ஒலிபரப்பினார். வீட்டுல உக்காந்து டேப்ல பதிவு பண்ணிக்கிட்டா அதுதான் டவுன்லோடு.

சத்தம்னா காப்பியும் அடிக்கலாமே. ரெண்டு கேசட் போடுற டேப் ரெக்கார்டர் இருந்தா போதும். ஜெட் செட் வில்லிக்கு இதைத் தடுக்க கலர் கலரா கட்டம் போட்ட ஒரு அட்டை கொடுத்தாங்க, ஆரம்பிக்கும்போது எந்தக் கட்டத்துல என்ன கலர்னு கேட்கும். அன்னைக்கு ஜெராக்ஸ் எல்லாம் கறுப்பு வெள்ளை. பசங்க என்ன பண்ணாங்க? கலர் பென்சில் எடுத்து உக்காந்து அட்டையையே கையால வரைஞ்சுட்டாங்க. அதுல பாதி நேரம் போட்டு கணக்கு ஹோம்வொர்க் செஞ்சிருந்தா...

ஹோம்வொர்க்னதும் ஞாபகம் வருது. எல்லா வீட்டுலயும் அப்பா அம்மாகிட்ட சொன்ன பொய் ஒண்ணேதான்: படிப்புக்கு உதவும். சண்டைக்கு எண்ணெய் ஊத்தினது பத்திரிகைங்க. ஸ்பெக்ட்ரம் கட்சிக்கு 'க்ராஷ்', கமடோர் கட்சிக்கு 'ஸாப் 64'. ரெண்டும் ஒண்ணையொண்ணு வாரும். ரெண்டையும் வெளியிட்டது லட்லோங்கற சின்ன ஊர்ல இருந்த ஒரே கம்பெனி, நியூஸ்ஃபீல்டு. எப்புடி!

சண்டை பசங்களோட நிக்கலை. 1984 கிறிஸ்துமஸ் சமயம். ஏகார்ன் ஒரு விளம்பரம் போட்டது, சின்க்ளேர் பொட்டிங்க எத்தனை ரிப்பேராகித் திரும்பி வருதுன்னு குத்திக்காட்டி. கேம்ப்ரிட்ஜ்ல பேரன் ஆஃப் பீஃப்ங்கற பப்புல க்றிஸ் கர்ரியைப் பாத்த சர் க்ளைவ் சின்க்ளேர் (அப்ப சர் பட்டம் வாங்கியாச்சு), கையில சுருட்டி வச்சிருந்த பேப்பராலேயே அவரை அடிச்சுட்டார். பிபிசியே இதை 2009ல 'மைக்ரோ மென்'னு படமா எடுத்துச்சு. கிடைச்சா பாருங்க.

யாரு ஜெயிச்சா?

யாரும் இல்லை. 1985ல ஏகார்ன் பணமுடையில ஆலிவெட்டி கைக்குப் போச்சு. சின்க்ளேர், மூணு சக்கர மின்சார வண்டி ஒண்ணு விட்டு கைய சுட்டுக்கிட்டு, 1986 ஏப்ரல்ல கம்ப்யூட்டர் வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராடுக்கு வெறும் 50 லட்சம் பவுண்டுக்கு வித்தார். 50 லட்சத்துக்கு மேல வித்த பொட்டி, ஒரு பொட்டிக்கு ஒரு பவுண்டு வீதம்! கமடோர் 64 ஒரு கோடியே 25 லட்சத்துக்குக் குறையாம வித்தும், கம்பெனி 1994ல திவால்.

ஆனா ஏகார்ன்ல அதே ஃபர்பர், வில்சன் ஜோடி, பிபிசி மைக்ரோவுக்கு அடுத்து என்னன்னு யோசிச்சு தாங்களே ஒரு ப்ராசஸர் செஞ்சாங்க. ஆள் பலம் இல்லை, பணம் இல்லை, அதனால எளிமையா இருந்தே ஆகணும். 1985 ஏப்ரல்ல முதல் சிப் வந்தது. எவ்வளவு மின்சாரம் குடிக்குதுன்னு அளந்தா மீட்டர் சைபர் காட்டுது. பாத்தா போர்டுல பவர் கனெக்‌ஷனே கொடுக்கலை; மத்த கம்பிகள்ல இருந்து கசியுற மின்சாரத்துலயே சிப் ஓடிக்கிட்டு இருந்திருக்கு! அதுதான் ஆர்ம். உங்க பாக்கெட்டுல இருக்கிற போன்ல ஓடுறது அதோட பேரன்தான். வாத்தியார் பொட்டி வீட்டுப் பையன் சத்தமில்லாம உலகத்தையே பிடிச்சுட்டான்.

படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது. அந்த ரெண்டு பெரிய தலைங்களும் கேமைப் பத்தி சண்டை போடலை. ஸ்பெக்ட்ரம் திரை நினைவகம் 16384ல ஆரம்பிக்கும்னு ஒருத்தர் மனப்பாடமா சொல்றார். ஆன் பண்ணா 38911 பைட் மிச்சம்னு திரையில வரும்னு இன்னொருத்தர். நாப்பது வருஷம் கழிச்சும்! அந்தப் பொட்டியில இருந்த ஒவ்வொரு பைட்டும் எதுக்குன்னு பன்னெண்டு வயசுல தெரிஞ்சு வச்சிருந்தாங்க. ஆன் பண்ண உடனே ஐகான் கிடையாது, அப்டேட் கேட்காது. ஒரு கர்சர் கண் சிமிட்டும். என்ன செய்யணும், நீயே சொல்லு. கேம் வேணும்னாகூட அதுக்கு ஒரு கட்டளை டைப் பண்ணியாகணும். டைப் பண்ணவன்ல பாதிப் பேர், வேற என்ன டைப் பண்ணலாம்னு யோசிச்சிருப்பான்.

நான் காலேஜ்ல நீலத்திரை டர்போ சி-யில ஆரம்பிச்சவன். இன்னைக்கு நான் வேலை பாக்குற சர்வீஸ், ஒரு "ஹலோ" சொல்லவே இருநூறு லைப்ரரியை இழுக்குது. அதுல நான் முழுசா படிச்சது எத்தனைன்னு கேட்காதீங்க. மெதுவா ஓடுதுன்னு டிக்கெட் வந்தா மெமரியை ஏத்திவிட்டு மூடிடுவோம், டீம்ல எல்லாரும் அதைத்தான் செய்யுறோம். அந்தச் சண்டை எனக்குப் பொறாமையா இருந்தது அதனாலதான். ஒரு மெஷின் மேல அவ்வளவு பாசம் வைக்கணும்னா முதல்ல அது உங்களுக்கு முழுசா தெரிஞ்சிருக்கணும் இல்லையா? என் லேப்டாப்புக்காக நான் யார்கூடவும் சண்டை போட மாட்டேன். எரிஞ்சா ஐடிகிட்ட வேற வாங்கிப்பேன்.

அதுக்காக அந்தக் காலம்தான் பொற்காலம்னு ஜல்லியடிக்கவும் நான் தயாரில்லை. அப்ப வந்த கேம்கள்ல முக்கால்வாசி மொக்கை. நானே ஆடிப் பாத்து நொந்தேன். விளம்பரத்துல பாத்தா பொட்டி முன்னாடி பெரும்பாலும் பையனும் அப்பாவும்தான், சோஃபி வில்சன் மாதிரி ஒருத்தர் செஞ்ச மெஷினைக்கூட. இன்னொண்ணு, நம்ம ஊர்ல அன்னைக்கு அந்த வயசுல இருந்தவங்களுக்கு இந்தச் சண்டையில கலந்துக்கிற வசதியே கிடையாது. எங்க அப்பா அந்த வயசுல கம்ப்யூட்டரைக் கண்ணாலகூட பாத்ததில்லை.

இங்கிலாந்துல செத்த ஸ்பெக்ட்ரம் சோவியத் நாட்டுல வேற பிறவி எடுத்தது, பாத்தீங்களா அதைச் சொல்லவே இல்லையே. லெனின்கிராட், பென்டகன்னு பேர் வச்சு எளிதா கிடைக்கிற சிப்புகளைக் கோத்து நகல் பொட்டிங்க செஞ்சாங்க. சின்க்ளேரோட சிறப்பு சிப் அங்க கிடைக்காது, அதனால அதோட வேலையைச் சாதாரண சிப்புகளை அடுக்கியே செஞ்சுட்டாங்க. கமடோர் பக்கம், கேம் காப்பி அடிச்ச பசங்க தங்க பேரைக் காட்ட முன்னாடி போட்ட குட்டி அறிமுகக் காட்சிதான் வளர்ந்து 'டெமோ சீன்'னு ஒரு கலையாவே ஆயிடுச்சு. 2020ல ஃபின்லாந்து அதைத் தன் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியல்லயே சேர்த்தது.

இப்ப ரெண்டு பொட்டியும் திரும்பக் கிடைக்குது. ரெட்ரோ கேம்ஸ்னு ஒரு கம்பெனி முதல்ல ரொட்டி டப்பாவைப் பழைய உருவத்துலயே செஞ்சு வித்தது. 2024 நவம்பர்ல ரப்பர் கட்டையையும் விட்டது, அதே செத்த மீன் சாவிகளோட. ஆமாம், ரெண்டும் ஒரே கம்பெனி. ஸ்பெக்ட்ரம்ல 48 கேம் உள்ளேயே இருக்கு, மானிக் மைனரும் சேத்து. வில்லி செத்தா ஆட்டத்தைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டிக்கிற ரீவைண்டு வசதியும் வச்சிருக்காங்க. எனக்கு அது வாங்க இப்ப மனசு வரலை, ப்ரவுசர் எமுலேட்டரே போதும். மூணாவது குகையில, அந்தக் கோழி மாதிரி ஒண்ணு குறுக்கே ஓடுது பாருங்க, அதுகிட்ட தினமும் மிதி வாங்கிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ராத்திரி தாண்டிருவேன்னு நினைக்கிறேன்.